டேட்டாவை அணைத்தாலும் சாதாரண கால் போகிறது, வாட்ஸ்அப் கால் மட்டும் திக்குகிறது: ஏன்?

கேள்வி கேட்டவர் பெங்களூரு அல்சூரில் இருக்கிறார், அம்மா சேலத்தில். போனில் 4ஜி, நாலு கோடு சிக்னல். நம்பர் போட்டுக் கூப்பிட்டால் அம்மாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலக் கேட்கிறது. அதே இடத்தில், அதே போனில், வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் பாதி வார்த்தையைக் காணோம். சில நேரம் குரல் ரோபோ மாதிரி ஆகிவிடுகிறது. டேட்டாவை அணைத்துப் பார்த்திருக்கிறார், சாதாரண கால் அப்போதும் போயிருக்கிறது. “4ஜியில் எல்லாமே டேட்டாதான் என்கிறார்கள். அப்படியானால் டேட்டா இல்லாமல் கால் எப்படிப் போகிறது? இரண்டுமே டேட்டா என்றால் ஒன்று மட்டும் ஏன் திக்குகிறது? மெசேஜ் ஆப்பில் எழுத்து போகிறது, போட்டோ போக மாட்டேன் என்கிறது. கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே வாட்ஸ்அப்பைக் கெடுக்கிறார்களா?” என்று கேட்டிருக்கிறார்.

நாலு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரே டவர் வழியாக, ஒரே வகைப் பாக்கெட்டாக, அதாவது முகவரி ஒட்டிய சிறு டேட்டாத் துண்டுகளாகப் போகும் இரண்டு பேச்சை நெட்வொர்க் ஏன் இரண்டு விதமாக நடத்துகிறது? நான் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு டெலிகாம் மென்பொருள் நிறுவனத்தில் கால் சோதிக்கும் குழுவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். நெட்வொர்க் பக்கம் நடப்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அது மொபைல் நெட்வொர்க்குக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி என்ற அமைப்பு வெளியிட்டிருக்கும் தரக்குறிப்புகளில் இருக்கிறது, நாங்கள் தினமும் லாக்கில் (நடப்பவற்றின் பதிவில்) பார்ப்பது. வாட்ஸ்அப்பின் உள்ளே நடப்பதை, அந்த நிறுவனமே வெளியிட்ட அளவுக்கும் பாக்கெட் பிடித்துப் பார்த்தால் தெரிகிற அளவுக்கும்தான் சொல்வேன். உங்கள் வீட்டில் குறிப்பாக என்ன கோளாறு என்பது ஊகம்தான். அதைக் கடைசியில் தனியாக வைக்கிறேன், மேலே சொல்வதோடு கலக்க வேண்டாம்.

முதலில் அந்த டேட்டா பட்டன். 4ஜி போன் டவரில் சேரும்போது ஒன்றல்ல, இரண்டு இணைப்பு வாங்கிக்கொள்கிறது. ஒன்று இன்டர்நெட்டுக்கு, யூடியூப், வாட்ஸ்அப், யுபிஐ எல்லாம் அதில் போகிறது. இன்னொன்றுக்குப் பெயர் ஐஎம்எஸ். அது கம்பெனியின் சொந்தச் சர்வர்களுக்கு மட்டும் போகும், வெளி இணையத்தை எட்டவே எட்டாது. இரண்டுக்கும் தனித்தனி ஐபி முகவரி. நீங்கள் டேட்டாவை அணைக்கும்போது முதல் இணைப்புதான் போகிறது; இரண்டாவதை அந்தப் பட்டன் தொடுவதில்லை. ஆகவே “டேட்டா இல்லாமல் கால் போகிறது” என்பது பாதி உண்மை. இணையம் இல்லாமல் போகிறது, ஆனால் போவது ஐபி பாக்கெட்டாகத்தான். உங்கள் தினசரி ஒன்றரை ஜிபியில் சாதாரணக் கால் ஒரு எம்பிகூடக் குறைக்காததும் இதனால்தான். அந்த இணைப்புக்கு டேட்டாக் கணக்கு ஓடுவதில்லை.

இப்படி ஏன் செய்தார்கள் என்பதற்குச் சின்னதாக ஒரு பின்கதை. 2ஜியிலும் 3ஜியிலும் பேச்சுக்கென்று தனி ஏற்பாடு இருந்தது. கால் இணைந்தால் அது முடியும்வரை ஒரு வழி உங்களுக்கே சொந்தம், நீங்கள் வாய்மூடி இருந்தாலும் சரி. 4ஜியை வடிவமைத்தபோது அந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டார்கள், பாக்கெட் மட்டும்தான். பேச்சுக்கு என்ன செய்வது என்பதற்குக் காகிதத்தில் பதில் முன்பே இருந்தது (ஐஎம்எஸ் என்ற அமைப்பு 2002 வாக்கிலேயே 3ஜிக்காக எழுதப்பட்டது), ஆனால் அதைக் களத்தில் இறக்கப் பல வருடம் பிடித்தது. அதுவரை ஒரு தற்காலிக வேலை நடந்தது. கால் வந்தால் போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும், முடிந்ததும் ஏறும். பேசும்போது மேலே “4ஜி” மறைந்து “ஹெச்” என்று வந்ததும், கால் இணையவே சில நொடி பிடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். இந்தியாவில் ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோது அதனிடம் இறங்குவதற்குப் பழைய நெட்வொர்க்கே கிடையாது. வோல்ட்இ, அதாவது 4ஜியிலேயே பாக்கெட்டாகப் பேசுவது, அவர்களுக்கு விருப்பப் பாடமாக இல்லை, கட்டாயப் பாடம். ஏர்டெல் அடுத்த வருடம் மும்பையில் தொடங்கியது. இன்று வோல்ட்இ என்று யாரும் தனியாக நினைப்பதுகூட இல்லை.

இனி அந்த இரண்டாவது இணைப்பில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். போனை ஆன் செய்ததும் அது ஐஎம்எஸ் சர்வருக்கு “ரெஜிஸ்டர்” என்று ஒரு செய்தி அனுப்புகிறது. இந்தச் செய்திகளின் மொழிக்குப் பெயர் எஸ்ஐபி (மாதாமாதம் பணம் பிடிக்கும் எஸ்ஐபி வேறு). சர்வர் உடனே ஏற்றுக்கொள்ளாது. “401” என்று திருப்பி ஒரு புதிர் அனுப்பும். போன் அந்தப் புதிரை சிம்முக்குள் தள்ளும். சிம்மில் இருக்கும் ரகசியச் சாவியால் மட்டுமே வரக்கூடிய விடையோடு மறுபடி “ரெஜிஸ்டர்” போகும். இந்தமுறை “200 ஓகே” வரும். லாக்கில் பார்த்தால் மொத்தம் நாலு வரி, ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். இதற்கப்புறம்தான் உங்கள் நம்பர் இந்த முகவரியில் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்குத் தெரியும். உங்கள் போனில் “வோல்ட்இ” என்ற சின்னம் தெரிகிறது என்றால் பொதுவாக இந்த நாலு வரி நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

அம்மாவைக் கூப்பிடும்போது “இன்வைட்” போகிறது. அதோடு ஒரு சீட்டும் போகும்: நான் இன்னின்ன கோடெக்கில் (குரலைச் சுருக்கி விரிக்கும் முறையில்) பேச முடியும், என் குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு. எதிர்ப்பக்கம் தனக்குத் தெரிந்ததை அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் திருப்பி அனுப்பும். நமக்கு முக்கியமான கட்டம் அடுத்ததுதான். அம்மாவின் போன் மணியடிப்பதற்கு முன்னாலேயே, இரண்டு பக்க நெட்வொர்க்கும் தன் தன் டவரிடம் “இந்தப் பேச்சுக்கு இடம் ஒதுக்கு” என்று கேட்டு வாங்கிவிடுகிறது. எங்கள் பாஷையில் இதற்கு டெடிகேட்டட் பேரர். இடம் உறுதியான பிறகே “180 ரிங்கிங்”. அம்மா எடுத்து “சொல்லும்மா” என்னும்போது பாதை ஏற்கனவே போட்டுத் தயாராக இருக்கிறது. டவரில் இடமே இல்லை என்றால் கால் தொடக்கத்திலேயே தோற்கும். இணைத்துவிட்டு நடுவில் திக்கவிடுவதைவிட, இணைக்காமல் விடுவதே மேல் என்பது இந்த வடிவமைப்பின் கணக்கு.

எவ்வளவு இடம் வேண்டும்? சிரிப்பு வரும் அளவுக்குக் கொஞ்சம். பேச்சு 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. நொடிக்கு 50 துண்டு. வோல்ட்இயில் பரவலாக இருக்கும் ஏஎம்ஆர் வைட்பேண்ட் கோடெக் 12.65 கேபிபிஎஸ் வேகத்தில் ஓடினால் ஒரு துண்டு 253 பிட், கிட்டத்தட்ட 32 பைட். அந்த 32 பைட்டைச் சுமந்து போகும் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் (முகவரி, வரிசை எண் போன்ற மேல்விவரங்கள்) சேர்ந்து, ஐபிவி6 என்றால், 60 பைட். சரக்கைவிடச் சாக்கு கனம்! ரேடியோவில் இதைக் கட்டுப்படியாகச் செய்ய, பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறாத தலைப்பை ஒருமுறை சொல்லிவிட்டு அப்புறம் மாறுவதை மட்டும் அனுப்பும் ஒரு சுருக்கு முறை இருக்கிறது. அதில் 60 பைட் சில பைட்டாகச் சுருங்கும். உங்கள் வாட்ஸ்அப் பாக்கெட்டுகளுக்கு வழக்கமாக இந்தச் சுருக்கு கிடைப்பதில்லை, ஆனால் உங்கள் பிரச்சினை அதுவல்ல. பேச்சுக்கு வேகம் போதாமல் போவது அபூர்வம். ஒவ்வொரு துண்டும் நேரத்துக்கு வந்து சேர்வதுதான் பாடு.

3ஜிபிபி ஒவ்வொரு வகை டிராஃபிக்குக்கும் க்யூசிஐ என்று ஒரு எண் வைத்திருக்கிறது. வோல்ட்இ பேச்சுக்கு 1. அதற்கு உத்தரவாதமான வேகம் உண்டு, போனிலிருந்து கம்பெனியின் கேட்வே வரை 100 மில்லிநொடிக்குள் போய்ச் சேர வேண்டும், நூற்றில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பரவாயில்லை. சாதாரண இன்டர்நெட்டுக்கு 9. அதற்கு உத்தரவாதம் கிடையாது, 300 மில்லிநொடி வரை ஆகலாம், ஆனால் பத்து லட்சத்தில் ஒன்றுக்குமேல் தொலையக் கூடாது. கடைசி எண்களைக் கவனியுங்கள். உயர்ந்த சாதிப் பாக்கெட்டுக்குத்தான் தொலைந்துபோக அதிக அனுமதி! காரணம், பேச்சில் தாமதமாக வந்த துண்டும் தொலைந்த துண்டும் ஒன்றுதான். “அம்மா” என்பதில் “ம்” அரை நொடி கழித்து வந்தால் அதை வைத்து என்ன செய்வது? ஆகவே பேச்சுப் பாதையில் ஒரு துண்டு போனால் நெட்வொர்க் அதற்காக அதிகம் மெனக்கெடாமல் அடுத்ததை அனுப்புகிறது. இன்டர்நெட் பாதையிலோ டவர் விடாப்பிடியாக மறுபடி மறுபடி அனுப்பி, வரிசை மாறாமல் சேர்ப்பித்துவிட்டுத்தான் அடுத்ததை விடும். வங்கிப் பக்கம் திறக்க அது நல்லது. பேச்சுக்கு அதுவே வினை.

இந்த இரண்டு எண்களின் வித்தியாசம் லேப்டாப் திரையில் அப்பட்டமாகத் தெரியும். சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி நோக்கி, மாலை ஏழு மணி நெரிசலில், பின்சீட்டில் இரண்டு போனை வைத்து ஒன்றில் வோல்ட்இயும் ஒன்றில் ஆப் காலும் ஓடவிட்டுப் பதிவு எடுப்போம். வோல்ட்இ பாக்கெட்டுகள் சீப்பின் பல் மாதிரி வரும், இருபது மில்லிநொடிக்கு ஒன்று. ஆப் காலின் பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாக வரும்: கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு எட்டுப் பத்து ஒன்றாக வந்து விழும், மறுபடி வெறுமை. தொலைந்தவை குறைவு. எல்லாம் வந்துவிடுகின்றன, ஆனால் கூட்டமாக. முன்னால் ஒன்று சிக்கியதால் பின்னால் வந்தவை நிறுத்திவைக்கப்பட்டு, சிக்கல் அவிழ்ந்ததும் மொத்தமாகத் திறந்துவிடப்படுகின்றன. உங்கள் காதில் விழும் “ரோபோ” அங்கேதான் பிறக்கிறது. ஆப் தன்னிடம் கொஞ்சம் துண்டுகளைச் சேர்த்துவைத்து ஓட்டுகிறது. அந்தக் கையிருப்பு தீர்ந்தால் கடைசித் துண்டை நீட்டி ஒப்பேற்றுகிறது. கொத்து வந்ததும் வேகமாக ஓட்டி ஈடுகட்டுகிறது. இழுப்பும் சுருக்கமும் மாறி மாறி வந்தால் மனிதக் குரல் உலோகம் மாதிரி ஒலிக்கும்.

அவுட்டர் ரிங் ரோட்டில் 2019ல் பேருந்துக்கென்று ஒரு தடம் பிரித்துப் பார்த்தார்களே, அதுபோலத்தான் க்யூசிஐ 1. சாலை ஒன்றுதான், தார் ஒன்றுதான், காரில் போகிறவருக்கு என்ஜின் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் இந்த ஒப்பீடு ஒரு இடத்தில் உதைக்கும். டவரில் தடம் நிரந்தரமாகப் பிரிக்கப்படுவதில்லை. 4ஜியில் டவர் ஒவ்வொரு மில்லிநொடியும் “இப்போது யாருக்கு?” என்று புதிதாக முடிவெடுக்கிறது, பேச்சுப் பாக்கெட் காத்திருந்தால் அதற்கு முதலிடம், இல்லையென்றால் இடம் மற்றவர்களுக்கு. கூட்டமே இல்லாத விடியற்காலை ஐந்து மணிக்கு க்யூசிஐ 1க்கும் 9க்கும் காதுக்கு வித்தியாசமே தெரியாது.

வாட்ஸ்அப் பக்கம் வருவோம். அதற்கு டவரிடம் எதையும் கேட்டு வாங்கும் வசதி இல்லை. பக்கத்து வீட்டுப் பையனின் ரீல்ஸ், உங்கள் போனே செய்துகொண்டிருக்கும் ஆப் அப்டேட், எல்லாவற்றோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. தன்னால் முடிந்ததை நன்றாகவே செய்கிறது. இந்த மாதிரி ஆப்கள் பெரும்பாலும் ஓபஸ் என்ற கோடெக்கைப் பயன்படுத்துகின்றன. 2012ல் இணையத் தரமாக வந்தது, 6 கேபிபிஎஸ் தொடங்கி 510 வரை நெகிழும், நெட் மோசமானால் ஓடும்போதே இறங்கிக்கொள்ளும். கால் இணைவதும் வேறு விதம். அம்மாவின் போனை எழுப்ப ஆண்ட்ராய்டில் கூகுளின் புஷ் சேவை வேண்டும். போனின் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைத் தூங்கவைத்திருந்தால் மணி தாமதமாக அடிக்கும், சில நேரம் நீங்கள் வைத்த பிறகு “மிஸ்டு கால்” என்று வரும். வோல்ட்இயில் இந்த வம்பு இல்லை, டவரே போனை எழுப்பிவிடும். எழுந்தபின் இரண்டு போனும் நேரடியாகப் பேசிக்கொள்ள வழி தேடும். கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு ரிலே சர்வர் வழியாகப் போகும். சுற்று கூடினால் தாமதமும் கூடும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டாமல் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் அளவுகோல். அதைத் தாண்டத் தாண்ட “ஹலோ... நீ சொல்லு... இல்ல நீ சொல்லு” ஆரம்பித்துவிடும்.

கம்பெனி வேண்டுமென்றே கெடுக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில்: அந்தச் சந்தேகம் தேவைப்படவில்லை. மேலே சொன்ன ஏற்பாடு ஒன்றே நீங்கள் கேட்கும் திக்கலை விளக்கப் போதும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் இணைவதே இல்லை என்று உறவினர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது வெளிப்படையான தடை, திக்கல் அல்ல. இந்தியாவில் 2018ல் நெட் நியூட்ராலிட்டி விதிகளை அரசு ஏற்றது. குறிப்பிட்ட ஆப்பைத் தடுப்பதோ மெதுவாக்குவதோ அதன்படி கூடாது. ஆனால் கம்பெனி தன் சொந்தத் தொலைபேசிச் சேவைக்குத் தனிப் பாதை வைப்பது இணைய சேவைக்கு வெளியே உள்ள விஷயமாகக் கருதப்படுகிறது. இது நியாயமா என்றால், எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தொழில்நுட்ப ரீதியில் ஆப் காலுக்கும் அப்படி ஒரு பாதை கொடுக்க முடியும். கொடுத்தால் அதற்கு யார் காசு தருவது, எந்த ஆப்புக்குக் கொடுப்பது என்ற சண்டை வரும், அந்தச் சண்டையைத் தவிர்க்கத்தான் விதியே போட்டார்கள்.

வோல்ட்இதான் எப்போதும் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். அதன் தெளிவு வழி முழுக்கப் புதிய கோடெக் இருந்தால்தான். பழைய தொலைபேசியின் ஒலி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும். வைட்பேண்ட் 50 முதல் 7000 வரை போகும். எஸ், எஃப் இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் 3400க்கு மேலே இருக்கிறது. அதனால்தான் போனில் மின்னஞ்சல் முகவரி சொல்லும்போது “எஸ் ஃபார் சேலம்” என்று சொல்லியே பழகிவிட்டோம். நடுவில் எங்காவது பழைய இணைப்பு வந்தால், அம்மா லேண்ட்லைனிலோ 2ஜி பட்டன் போனிலோ இருந்தால், உங்கள் பக்கம் வோல்ட்இ என்றாலும் குரல் பழைய குறுகலான குரல்தான். மற்றொன்று அந்தரங்கம். வாட்ஸ்அப் காலும் செய்தியும் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம். நடுவில் வாட்ஸ்அப்பாலும் கேட்க முடியாது. சாதாரண காலில் மறையாக்கம் ரேடியோ வரைதான், கம்பெனியின் சர்வரில் குரல் திறந்து கிடக்கும். சட்டப்படி உத்தரவு வந்தால் ஒட்டுக்கேட்க வழி வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து போட்டோ. எஸ்எம்எஸ் என்பது நெட்வொர்க் தன் வேலைக்காக வைத்திருக்கும் சிக்னலிங் பாதையில் ஒட்டிக்கொண்டு போவது, அதற்கு இன்டர்நெட் வேண்டாம். 4ஜியில் அதுவும் ஐஎம்எஸ் வழியாகவோ டவரின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குள் பொதிந்தோ போகிறது. ஆனால் ஒரு எஸ்எம்எஸ்ஸின் மொத்த இடம் 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70 குறியீடுதான், அதுவும் நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு அல்ல. “வணக்கம்” நமக்கு ஐந்து எழுத்து. போனுக்கு ஏழு, ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக ஒன்று சேர்த்து. (தமிழை இதைவிடச் சிக்கனமாக அடைக்க 3ஜிபிபி ஒரு அட்டவணையே வைத்திருக்கிறது. யாரும் சீந்துவதில்லை.) இந்த 140 பைட்டில் போட்டோ போகாது. நீங்கள் மெசேஜ் ஆப்பில் படம் சேர்த்த உடனே அது எம்எம்எஸ் ஆகிவிடுகிறது. படம் கம்பெனியின் ஒரு சர்வரில் ஏற்றப்படும். “உனக்கு ஒரு படம் வந்திருக்கிறது, இங்கே இருக்கிறது” என்ற தகவல் மட்டும் எஸ்எம்எஸ்ஸாக அம்மாவுக்குப் போகும். அம்மாவின் போன் போய் இறக்கிக்கொள்ள வேண்டும். ஏற்றவும் இறக்கவும் இரண்டு பக்கமும் டேட்டா வேண்டும், எம்எம்எஸ்ஸுக்கான ஏபிஎன் அமைப்பும் (கம்பெனியின் எந்த வாசல் வழியாக இணைவது என்ற விவரம்) சரியாக இருக்க வேண்டும். நீங்கள் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதித்தீர்கள், எழுத்து போனது, படம் நின்றது. எதிர்பார்க்க வேண்டியதுதான்.

வாட்ஸ்அப்பும் அடிப்படையில் இதையேதான் செய்கிறது, நேர்த்தியாக. படத்தை உங்கள் போனிலேயே பூட்டி சர்வரில் ஏற்றுகிறது. செய்தியாகப் போவது அந்தப் பூட்டின் சாவியும் படம் இருக்கும் இடமும், கூடவே மங்கலான ஒரு சின்ன உருவமும். படம் முதலில் கலங்கலாகத் தெரிந்து பிறகு தெளிவதற்குக் காரணம் அதுதான். செய்திக்கு அவசரம் இல்லை என்பதால் அம்மாவின் போன் அணைந்திருந்தால் சர்வரில் காத்திருக்கும் (அதிகபட்சம் 30 நாள்), ஒரு டிக் இரண்டாகும்வரை. திக்கும் நெட்டிலும் செய்தி பழுதில்லாமல் போய்ச் சேர்வதைப் பார்த்து “நெட் நன்றாகத்தானே இருக்கிறது” என்று பலர் ஏமாறுவார்கள். செய்திக்கு நல்ல நெட் வேறு, பேச்சுக்கு நல்ல நெட் வேறு. எஸ்எம்எஸ்ஸுக்கு வாரிசாக ஆர்சிஎஸ் இருக்கிறது, கூகுள் மெசேஜஸில் “சாட்” என்று வருவது. 2024ல் ஐபோனும் அதை ஏற்றுக்கொண்டது. பெயரில் எஸ்எம்எஸ்ஸின் தம்பி என்றாலும் அதற்கும் டேட்டா வேண்டும்.

சிலர் உங்களுக்கு வைஃபை காலிங் போடச் சொல்வார்கள். அடித்தளத்திலும், கான்கிரீட் தடித்த அபார்ட்மெண்டிலும், டவர் எட்டாத இடத்தில் அது அருமை. போன் வீட்டு வைஃபை வழியாகக் கம்பெனியின் வாசலுக்கு ஒரு பூட்டிய சுரங்கம் போட்டு, அதே ஐஎம்எஸ்ஸில் போய்ச் சேர்கிறது. பேசிக்கொண்டே வெளியே வந்தால் கால் அறாமல் 4ஜிக்கு மாறும். ஆனால் க்யூசிஐ 1 என்ற மரியாதை டவரில்தான் செல்லும், உங்கள் ரவுட்டருக்கு அது தெரியாது. வைஃபை கெட்டுக் கிடந்தால் வைஃபை காலும் வாட்ஸ்அப் போலவே திக்கும். உங்களுக்கு 4ஜி கால் நன்றாகவே இருப்பதால், இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. 5ஜி பற்றியும் கேட்பார்கள். ஏர்டெல் தொடங்கிய வகை 5ஜியில் கால் 4ஜியில்தான் போகிறது, ஜியோ போட்ட தனித்த 5ஜியில் 5ஜியிலேயே பேச வழி உண்டு. வாட்ஸ்அப்புக்கு அதில் லாபம், அங்கே கூட்டம் குறைவாக இருந்தால்தான். வரிசை அதே பொது வரிசை.

இனி உங்கள் வீடு. இங்கிருந்து நான் சொல்வது ஊகம். நாலு கோடு என்பது டவர் சொல்வது உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டும். நீங்கள் சொல்வது டவருக்குக் கேட்கிறதா என்பது அதில் தெரியாது; டவர் பத்துக்கணக்கான வாட்டில் கத்துகிறது, உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட். டவரின் ஓரத்தில் இருந்தால் ஏறும் பாதைதான் முதலில் நொண்டும். வோல்ட்இ பாக்கெட்டை அந்த நிலையில் தொடர்ந்து நாலு முறை அனுப்பிக் கரைசேர்க்கும் ஒரு உபாயம் 4ஜியில் உண்டு, பொது வரிசைக்கு அது வழக்கமாகக் கிடைப்பதில்லை. ஆகவே முதலில் யார் குரல் உடைகிறது என்று பாருங்கள். அம்மாவுக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்டு, உங்களுக்கு மட்டும் அம்மா உடைந்தால், சேலத்தில் ஏறும் பாதையிலோ அல்சூரில் இறங்கும் பாதையிலோ சிக்கல். இரண்டையும் பிரிக்க, வாட்ஸ்அப்பில் பெங்களூரிலேயே வேறொருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் போன் பேச்சு நடுவே என்ன ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை வீட்டுக் கேஸ்களில் அதிகம் மாட்டுவது இதுதான். போட்டோ பேக்கப் ஓடினால் போனின் ஏறும் வரிசை நிரம்பி, உங்கள் குரல் துண்டுகள் அந்தப் போட்டோக்களுக்குப் பின்னால் நிற்கும். பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப் அமைப்பில் பிரைவசிக்குள், அட்வான்ஸ்டு என்ற இடத்தில், காலில் ஐபி முகவரியை மறைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அது ஆனில் இருந்தால் எல்லாக் காலும் ரிலே வழியாகத்தான் போகும், அணைத்துப் பாருங்கள். ஸ்டோரேஜ் அண்டு டேட்டாவில் காலுக்குக் குறைந்த டேட்டா என்ற தேர்வையும் ஒருமுறை ஆன் செய்து வித்தியாசம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இவை எதற்கும் மசியவில்லை, இரவு ஒன்பதுக்குத் திக்குகிறது, காலை ஆறுக்குச் சுத்தமாக இருக்கிறது என்றால் உங்கள் போனில் தப்பில்லை; டவரில் கூட்டம். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் பேசுவது, அல்லது பேசாமல் நம்பர் போட்டே கூப்பிடுவது.

இதெல்லாம் செய்தும் புரியவில்லை என்றால் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்த நேரம், யார் குரல் உடைகிறது, அப்போது இரண்டு போனிலும் மேலே என்ன சின்னம் இருந்தது. அம்மாவின் போனில் சின்னத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது உதவினால் பாதி வேலை முடிந்தது.